முதல் பெயர் குசும் அக்காவுடையது

இன்று எங்கள் கந்தோர் ஊழியர்களிடம் அலுவிகாரைப் பக்கத் தோட்டப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதக் கொப்பி சேர்த்தோம். பொறுப்பு என் தலையில்.

யார் எத்தனை தருவதென்று எழுதும் தாளில், வழமையாகக் கந்தோருக்குப் பெரியவரான பிரதம லிகிதர்தான் முதலில் எழுதுவார். அவரை மிஞ்சி யாரும் கொடுக்கமாட்டார்கள். போன வருடம் அவர் தந்தது இரண்டு கொப்பி. மொத்தமும் ஒரு வகுப்புக்கே போதவில்லை.

அவருடைய அறைக்குள் போகக் கூச்சப்பட்டு, பக்கத்து மேசை டைப்பிஸ்ட் குசும் அக்காவிடம் தாளை நீட்டிவிட்டேன். அக்கா ஒரு டசின் எழுதினார். அதற்குப் பிறகு குறைத்து எழுத யாருக்கும் மனம் வரவில்லை.

கடைசியில் லிகிதர் தாளைப் பார்த்தார்.

"என்னங்க மிஸ், என்கிட்ட வராம டைப்பிஸ்ட்கிட்டயா மொதல்ல போனீங்க?"

"பயமா இருந்துச்சு சேர்."

"பேனை வேணுமா சேர்?" என்றார் அக்கா.

லிகிதர் இரண்டு டசின் எழுதினார்.

இந்த வருடம் எல்லா வகுப்புக்கும் கொப்பி உண்டு. கூச்சத்தை விடச் சொல்லி எனக்குப் புத்தி சொன்னவர்களெல்லாம் இப்போது என்னிடம் பாடம் கேட்க வரிசையில் வரலாம்.