பதினோராம் மாடியில் புயல் நாள்

செஞ்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை மலை கண்ணை மறிக்கும். அங்கிருந்து வேலைக்குப் போன எனக்கு, பதினோராம் மாடிக் கண்ணாடிக்கு வெளியே வெறும் கடல் மட்டும் தெரிந்தது முதலில் பயமாக இருந்தது. கடற்கரைச் சாலையில் வசதியானவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி அது. கீழே நீச்சல் குளம், வரிசையாகக் கார்கள், காலையில் நாயோடு நடப்பவர்கள். மூச்சு நோயில் படுத்திருந்த ஓர் அம்மாவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின்தான் அவருக்கு உயிர். ஒரே மகன் வெளிநாட்டில். என் மகளை நான் செஞ்சியில் அக்காவிடம் விட்டிருந்தேன்.

புயலன்று காலையிலேயே கரண்ட் போனது. ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடி நின்றது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரை மாட்டிவிட்டுப் படியிறங்கி ஓடினேன். கீழே கார்கள் பாதி மூழ்கியிருந்தன. இடுப்பளவு தண்ணீரில் வாட்ச்மேன் நின்றார்.

“இன்னாண்ணா, ஜெனரேட்டர் போட முடியாதா? அம்மாவுக்கு மெஷின் ஓடணும்.”

“அதுவே தண்ணிக்குள்ள இருக்குதும்மா. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். ரோட்ல வர முடியலயாம்.”

அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகலாமென்றால், வாசலுக்கு வெளியே சாலை எது, கடல் எது என்றே தெரியவில்லை.

மேலே வந்ததும் மகன் போனில் அழைத்தார். “எப்படியாவது கீழ இறக்கிடுங்க. எவ்ளோ செலவானாலும் பரவாயில்ல.” நான் பதில் சொல்வதற்குள் டவர் போய்விட்டது.

ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். பாதி வீடுகள் பூட்டியிருந்தன. எதிர்வீட்டுக்காரர் வந்தார். சிலிண்டரில் மிச்சம் காட்டும் முள்ளைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அம்மாவை என் தோளில் சாய்த்துக்கொண்டு பேப்பரால் விசிறினேன்.

“உங்க ஊர்லயும் மழையா?” என்றார்.

“தெரியலம்மா. போன் போவல.”

“பொண்ணு பயப்படுவா.”

அதற்கு மேல் பேச அவருக்கு மூச்சில்லை.

மதியம் சிலிண்டர் தீர்ந்தது. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். வேறு செய்ய என்னிடம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தோளில் கிடந்த தலை கனத்தது. எதிர்வீட்டுக்காரர் எழுந்து சிலிண்டர் குழாயை அம்மாவின் முகத்திலிருந்து எடுத்தார்.

மறுநாள் டவர் வந்ததும் மகன்தான் முதலில் கூப்பிட்டார். “அம்மா எப்படி இருக்காங்க?” நான் போனை நீட்டினேன். எதிர்வீட்டுக்காரர் போனை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

பிறகு செஞ்சிக்குப் போன் போட்டேன். மகள் எடுத்தாள். “எங்களுக்கு ஒண்ணும் ஆவல. நீ எப்பம்மா வருவ?”

பஸ் எப்போது ஓடும் என்று அடுக்குமாடியில் யாருக்கும் தெரியவில்லை.