பசியாறினதும் ஒரு மாத்திரை

பிரிக்ஃபீல்ட்ஸ் கைப்பேசிக் கடையில், கடைக்காரர் புதுப் போனை வாயருகே பிடித்து, "நாளைக்கு மழை வருமா?" என்று கேட்டார். போன் தமிழிலேயே பதில் சொன்னது. அந்த நொடியில்தான் எனக்கு யோசனை வந்தது: அப்பாவின் சர்க்கரை மாத்திரையை இனி இதுவே ஞாபகப்படுத்தட்டும்.

அப்பா கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். மாத்திரையை அடிக்கடி மறந்துவிடுவார். போன மாதம் கிளினிக்கில் டாக்டர் கண்டித்தும் மாறவில்லை.

"பாஸ், நாம பேசுற தமிழ் இதுக்குப் புரியுமா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"எல்லாம் புரியும்லா, தங்கச்சி. சண்டை போட்டாகூட திருப்பிப் பேசும்."

அன்று மாலையே அப்பாவிடம் கொடுத்தேன். எழுத்து பெரியது, திரை வெயிலிலும் மங்காது, கேமரா லோரியின் துருவைக்கூடப் பளிச்சென்று காட்டுகிறது என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய போன்ல ரெண்ட அமுக்கினா நீ வருவ. இதுல எங்கம்மா அமுக்குறது?"

"அமுக்கவே வேணாம்பா. வாயால சொன்னாப் போதும்."

சொல்லியும் காட்டினேன். "தினமும் காலையில பசியாறினதும் மாத்திரை போடணும், ஞாபகப்படுத்து." எங்கள் ஊரில் காலை உணவு உண்பதைப் பசியாறுவது என்றுதான் சொல்வோம். போன் ஒரு கணம் யோசித்துவிட்டு, திரையில் ஏதோ காட்டி, சரியா என்று கேட்டது. என் விரல் அதற்குள் 'சரி'யை அழுத்திவிட்டது. அடுத்து மணியோசையை மாற்ற வேண்டும், அம்மாவின் படத்தை ஏற்ற வேண்டும் என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கொமுட்டர் ரயிலில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"லோரிக்கார அண்ணனோட பொண்ணா? பயப்படாதம்மா. தெலுக் பங்லிமா காராங்ல எங்க கடையில ஒக்காந்திருக்காரு. கை கிடுகிடுன்னு ஆடுச்சு, சீனி அள்ளிப் போட்டு தேத்தண்ணி கலக்கிக் குடுத்திருக்கேன். நீ வா."

அடுத்த நிலையத்தில் இறங்கி, வாடகைக் காரெடுத்துப் போய்ச் சேர்ந்தேன். அப்பா ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. லோரி சாலையோரம் கோணலாக நின்றது.

"மாத்திரைய ஆறு மணிக்கு மாத்தச் சொல்லி டாக்டர் சொன்னாங்களாம்மா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. போனை வாங்கித் திறந்தேன். 'பசி ஆறு. தினமும் காலை 6:00. மாத்திரை போடு.'

வீட்டில் ஆறு மணிக்கு அது அலறியிருக்கிறது. பிள்ளை வைத்திருந்தால் காரணம் இருக்கும் என்று, வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். சரக்கை இறக்கிய பிறகுதான் எப்போதும் சாப்பிடுவார். அன்று ஃபேக்டரி வாசலில் நீண்ட வரிசை. ஒன்பது மணிக்குமேல் சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டி, கண் மங்கி, வண்டியை எப்படியோ ஓரங்கட்டியிருக்கிறார். என்னைக் கூப்பிடப் பார்த்தபோது ஈர விரலுக்குத் திரை திறக்கவில்லை. கடவு எண் கேட்டிருக்கிறது. எண்கள் கலங்கித் தெரிந்திருக்கின்றன. இறங்கி, தட்டுத்தடுமாறி இந்தக் கடைக்கு நடந்திருக்கிறார். நல்லவேளை, என் எண் அவருக்கு மனப்பாடம்.

நடந்ததை விளக்கியதும் கடைக்கார ஆன்டி சிரித்துவிட்டார். "அது என்னைக்கும்மா பசியாறிச்சு, அதுக்குத் தெரிய!"

அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன் என்னிடம் கேட்டுத்தான் செய்தது. பெரிய எழுத்தில், வெயிலிலும் மங்காத திரையில், ஆறு மணி என்று காட்டியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. கண் மங்கிய அந்த நேரத்தில் முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போயிருந்தால்?

"பழசையே குடுத்துடும்மா. பாவம், இது உன் பாஷை பேசுது. எனக்கு ஒத்துவராது."

அந்தப் பழைய போனில் என்னைக் கூப்பிடலாம். மாத்திரையை மறக்காமலிருக்க அது என்ன செய்யும்? ஆறு மணி நினைவூட்டலை அங்கேயே அழித்தேன். காலையில் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் எனக்குப் போன் அடிக்க வேண்டும், நான் சொன்ன பிறகுதான் மாத்திரை என்று இப்போதைக்கு ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை லோரி வீட்டுமுன் நிற்கும். அப்பாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, கையை நனைத்துக்கொள்ளச் சொல்லி, புதுப் போனின் திரையைத் திறக்காமலே பக்கவாட்டுப் பொத்தானை ஐந்து முறை அழுத்தி என்னை அழைக்க முடிகிறதா என்று பார்க்கப்போகிறேன். கண்ணை மூடிக்கொண்டும் ஒருமுறை. அவர் எவ்வளவு தடுமாறினாலும் நான் கையை நீட்டி அழுத்திவிடாமல் இருக்க வேண்டும்.