இரண்டு விசில் என்றால் எல்லாம் குறை

1. மீட்டர்

தாபோடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவன் நான். அளவு மீறினால் ரிஜெக்ட், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வேலை. அதை நம்பித்தான் புனேயில் லைவ் மியூசிக்கோடு சாப்பாடும் போடும் ஒரு ரெஸ்டாரண்டில் சத்தத்தை அளக்கும் டெசிபல் மீட்டரை என் கையில் கொடுத்தார்கள். சத்தம் அளவுக்குள் இருந்தால் அதில் பச்சை, மீறினால் சிவப்பு.

ஓனர் ராதிகா இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பக்கத்து அபார்ட்மென்ட் சொசைட்டியில் இருக்கும், எல்லோரும் காகா (மராத்தியில் சித்தப்பா) என்று கூப்பிடும் ஒரு மராத்திப் பெரியவர், டிரம்ஸ் தாங்கவில்லை என்று ஏற்கெனவே போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார்.

"அங்கிள், இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா மியூசிக் பந்த். பேண்ட்ல ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பணும். அது நடக்கக் கூடாது," என்றாள்.

2. விசில்

முறைப்படி காம்பவுண்டு சுவர் ஓரத்தில் நின்றுதான் அளக்க வேண்டும். அங்கிருந்து மேடைக்குப் போன் செய்தால் யார் காதிலும் விழாது. தொழிற்சாலையில் கிரேன்காரருக்கு விசிலில்தான் சொல்வோம். அதையே இங்கும் கொண்டுவந்தேன். ஒரு விசில் என்றால் டிரம்ஸ் குறை, இரண்டு விசில் என்றால் எல்லாம் குறை. கிச்சன் பின்கதவைத் திறந்து வைத்ததால் மேடைக்கு நன்றாகவே கேட்டது.

முதல் நாள் டிரம்ஸ் கொஞ்சம் ஏறியது. ஒரு விசில் கொடுத்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். சிவப்பு. என்ன திமிர் என்று நினைத்து இரண்டு விசில் கொடுத்தேன். இன்னும் சிவப்பு. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

நான்காம் நாள் டிரம்மர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுத் தன் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தாராம். பாடகி வாயை மட்டும் அசைத்தாளாம். சுடுதட்டில் சீறிக்கொண்டே டேபிளுக்கு வந்த சிஸ்லரின் சத்தம்தான் அன்றைய கச்சேரி. அதற்குக் கைதட்டப்போன ஒரு குடும்பத்தை வெயிட்டர் கும்பிட்டுத் தடுத்தாராம். வெளியே நான் ஊதினேன். மீட்டர் சிவப்பு.

3. காகா

அப்போது காகா கையில் ஒரு தாளோடு சுவர் அருகே வந்தார். இரண்டாவது புகார்.

"பாட்டு இப்பத் தொல்லையே இல்ல. நேத்து வரைக்கும் மிஸஸ் பால்கனியில உக்காந்து கேட்டா. தினம் விசிலடிக்கறவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க, பேரு எழுதணும்," என்று இந்தியில் கேட்டார்.

விசில் என் உள்ளங்கையில் இருந்தது. சர்வீஸில் ஒரு நாள்கூடப் பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை. "நான்தான்," என்றேன். எதற்காக என்றும் சொன்னேன்.

அவர் மீட்டரை வாங்கிக்கொண்டு, ஊதச் சொன்னார். சிவப்பு. ஊதாமல் நிற்கச் சொன்னார். பச்சை. மறுபடி ஊதச் சொன்னார். ஒரே நிமிடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தது.

தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மனைவியைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ராதிகா விசிலை வாங்கி மசாலா டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அரை மணி கழித்து காகா மேடையைப் பார்த்து, டிரம்ஸை இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னார்.

மீட்டர் பிடிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் ரீடிங்கை உங்கள் மேலேயே எடுங்கள். ரிஜெக்ட் ஆன பீஸாக நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.