சுவிட்ச் பெட்டிக்கு ரெண்டாவது பூட்டு

எங்க திருவொத்தியூர் கண்டெய்னர் யார்டுல, கேட்டுல கீற கம்ப்யூட்டருங்களை நெட்வொர்க்ல இணைக்கிற சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டு கீது. வாட்ச்மேன் நானு, சாவி என் இடுப்புல.

இன்னிக்கு கேட்டு கம்ப்யூட்டரெல்லாம் நெட்வொர்க் இல்லாம நின்னுபோச்சு. லாரிங்க ரோடு வரைக்கும் நிக்குது.

நெட்வொர்க் ஆபீசர் வந்து, "சாவி உன்கிட்டதானே? நாளைலேருந்து வேலைக்கு வராதே"ன்னாரு.

ஆபீஸ் டைப்பிஸ்ட் ஸ்டெல்லா சிரிச்சுகினே, "சாவி எதுக்கு சார்? என் கம்ப்யூட்டர்லயே பெட்டியோட செட்டிங் பக்கம் தொறக்குது. பேரு அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். யாரோ நோண்டிகீறாங்க"ன்னு சரிபண்ணிக் குடுத்துச்சு.

"பாஸ்வேர்டை மாத்தலியா சார்?"னேன்.

"பெட்டி செஞ்ச கம்பெனிக்காரன் வெச்சதை மாத்தக்கூடாதுய்யா"ன்னாரு ஆபீசர்.

ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்குப் பொட்டு வெச்சு எலுமிச்சம்பழம் கட்டுனவரும் இவருதான்.

சாயங்காலம் இன்னும் பெருசா ஒரு பூட்டு வாங்கியாந்து குடுத்தாரு. வேலை தப்பிச்சுது.

நீங்களே சொல்லுங்க மாமு, இதைப் பாஸ்வேர்டுல மாட்டறதா, அவரு வாயில மாட்டறதா?