மாப்பிள்ளை திறந்த கம்ப்யூட்டர் சென்டர்

என் தங்கையின் கணவருக்கு எந்தத் தொழிலிலும் திறப்பு விழாதான் முக்கியம். கோழித்தீவன ஏஜென்சிக்கு ஒன்று நடந்தது, குடிதண்ணீர் கேன் வியாபாரத்துக்கு ஒன்று. பிறகு எருமப்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர். அழைப்பிதழ் அடித்துக் கொடுத்த பிறகுதான் கம்ப்யூட்டர் தேடினார். மூடிப்போன ஏதோ ஓர் அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளை வாங்கி, அஸ்தம்பட்டியில் என் வீட்டு வாசலில் இறக்கினார். தங்கையும் கூட வந்திருந்தாள்.

“மச்சான், இதுகளுக்குக் கொஞ்சம் உசுரு குடுங்க. நீங்க அதுலயே இருக்கறவங்க.”

நான் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். பெட்டிகளைத் திறந்தால் சிலந்திக்கூடு. ஒன்றிலும் சிடி டிரைவ் சுற்றவில்லை. பென் டிரைவை அவை கண்டுகொள்ளவேயில்லை. புது விண்டோஸைத் தாங்கும் வயதும் இல்லை. ஆகவே ஒவ்வொன்றின் ஹார்ட் டிஸ்கையும் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாகப் பழசிலும் ஓடும் லினக்ஸை ஏற்றி, திரும்பப் பழைய பெட்டியிலேயே பூட்டுவது என்று முடிவு செய்தேன். தவறிப்போய் என் டிஸ்க் அழிந்துவிடக் கூடாதென்று அதன் வயரை முதலிலேயே பிடுங்கி வைத்தேன். லினக்ஸ் ஏற்றிய டிஸ்கை வேறு இயந்திரத்தில் மாட்டினாலும் பெரும்பாலும் அலுங்காமல் எழுந்துகொள்ளும்.

மாப்பிள்ளை சோபாவில் சாய்ந்து செல்போனில் சிரித்துக்கொண்டிருந்தார். தங்கைதான் ஸ்குரு டிரைவரை எடுத்தாள். இரண்டு பெட்டிகளுக்குப் பிறகு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

“அவளுக்கு என்னங்க தெரியும், எதையாச்சும் ஒடச்சு வெச்சுருவா” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

முதல் பெட்டி ஒளிர்ந்தபோது மட்டும் எழுந்து வந்தார். “ஏனுங் மச்சான், கீழ அந்தச் சன்னல் படத்தக் காணோம்?”

“இது லினக்ஸ் மாப்பிள்ளை. இலவசம்.”

பக்கத்து இலை எச்சிலைத் தன் இலையில் வைத்ததுபோல முகம் சுருங்கியது. “இலவசம்னா சனங்க மதிக்காதுங்க. பாக்க விண்டோஸ் மாதிரியே பண்ணிருங்க.”

முடியாது என்றேன். அவர் அசரவில்லை. சன்னல் படத்தை ஸ்டிக்கராக அடித்து ஒவ்வொரு மானிட்டரின் நெற்றியிலும் ஒட்டிவிட்டார்.

திறப்பு விழாவில், மருமகளைச் சேர்க்க வந்த ஒரு விவசாயி கேட்டார்: “ஏனுங்க, புள்ள காலேசுல பாத்தது இப்பிடி இல்லைங்குதுங்களே?”

“இது அமெரிக்காவுல இருந்து நேரா வந்ததுங்க. இந்தப் பக்கம் யாருகிட்டயும் இல்ல.”

“இலவசம்தானுங்க, உங்க ஊட்டுலயே போட்டுக்கலாம்” என்றேன் நான்.

மாப்பிள்ளை என் தோளில் தட்டிச் சிரித்தார். “மச்சானுக்கு எப்பவும் தமாசு.”

சொல்லிக்கொடுக்க அவரிடம் இருந்தது கம்ப்யூட்டரில் ஆடும் சீட்டு விளையாட்டு ஒன்றுதான். தங்கை தானாகத் தமிழ்த் தட்டச்சு பழகி, வந்த பெண்களுக்கும் பழக்கினாள். அவர் வாசலில் நாற்காலி போட்டு நிர்வாகம் செய்தார். சில மாதங்களில் அதுவும் அலுத்தது. யாரிடமும் சொல்லாமல் எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் பேசி முடித்தார். வண்டி வந்து நிற்பதைப் பார்த்த தங்கை, அவர் வாசலில் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே தன் பெட்டியைத் திறந்து டிஸ்கை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் அதோடு என் வீட்டுக்கு வந்தாள். “அண்ணா, என்ற வேலையெல்லாம் இதுலதான் இருக்குது.”

ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்டதைக் கேட்டு வாங்கி வந்திருந்த ஒரு பெட்டியில் மாட்டினேன். அவள் தட்டச்சு செய்த கோப்புகள் அப்படியே வந்து நின்றன. பெட்டியையும் அவளிடமே கொடுத்தனுப்பினேன். இப்போது பத்திர எழுத்தர் ஒருவருக்குக் கிரயப் பத்திரங்கள் அடித்துக் கொடுக்கிறாள். அவள் என்ன செய்கிறாள் என்று மாப்பிள்ளை இதுவரை கேட்டதில்லை.

போன மாதம் பள்ளிபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தி. என் பக்கத்து இலையில் மாப்பிள்ளை. அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “நல்லா ஓடுன சென்டருங்க. லினக்ஸுன்னு எதையோ போட்டு மச்சான் கவுத்துட்டாரு.”

எதிர்வரிசையில் தங்கை கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்குப் பதில் சொல்லிச் சோற்றை ஆறவிடுவானேன் என்று, ரசம் கொண்டுவந்தவரைக் கூப்பிட்டேன்.