புள்ளி விழாத முதுகு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கதை கட்டுகிற ஆள் இல்லை, சுவர் அளக்கிற ஆள். பெயர் சுருளிவேல். போடியில் லேசர் மெஷின் வைத்துக் கட்டடம் அளப்பவன் என்று கேட்டால் என்னைத்தான் காட்டுவார்கள். பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. எனக்கு நடந்தது போன ஆடி மாதம், மத்தியானம் மூன்று மணிக்கு மேல்.

போடிமெட்டுக்குக் கீழே ஒரு எஸ்டேட். அங்கே இருபது வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஏலக்காய் ஸ்டோர், அதாவது காய் உலர்த்தும் கட்டடம். அதை டூரிஸ்ட்டுகள் தங்குகிற விடுதியாக மாற்ற முதலாளிக்கு அளவு வேண்டும். என்னை ஜீப்பில் கூட்டிப்போனவர் பாண்டியராஜன் அண்ணன். வெளியே பத்தடிக்கு மேல் தெரியாத மூடுபனி. உலர்த்தும் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரே கதவு, தாழ்ப்பாள் வெளிப்பக்கம். உள்ளே தரையோரமாக, அடுப்புச் சூட்டைக் கொண்டுபோகிற பழைய இரும்புக் குழாய்கள். வேறு ஒன்றும் இல்லை.

அடுத்து சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், பயப்படுவதற்கு உதவும். மெஷின் சுற்றிக்கொண்டே லேசரை வீசும். ஒளி எதில் பட்டுத் திரும்புகிறதோ, அங்கே ஒரு புள்ளி. கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தால் அறை அப்படியே டேப்லெட்டில் வந்துவிடும். வெளிச்சமே தேவையில்லை. நடுவில் ஒரு ஆள் நின்றால் அவர் மேல் புள்ளி விழும். பின்னாலிருக்கும் சுவரில் அவர் உருவத்துக்கு ஓட்டை விழும், விளக்கு முன்னால் நின்றால் நிழல் விழுகிற மாதிரி. அதனால் அறையைக் காலி செய்து, கதவைச் சாத்தி, வெளியே நின்றுதான் ஓட்டுவோம். ஒரு தடவைக்கு மூன்று நிமிஷம்.

3:12. முதல் ஸ்கேன். வடக்குச் சுவரில் ஒரு ஓட்டை. குந்தி உட்கார்ந்த ஆள் அளவு. ஆனால் சுவருக்கு முன்னால் எதுவும் இல்லை. கரி படிந்த இடத்திலிருந்து லேசர் சில சமயம் திரும்பாது. கரிதான் என்று விட்டுவிட்டேன்.

3:19. மெஷினை இடம் மாற்றி இரண்டாவது. இப்போது வடக்குச் சுவர் முழுசாக இருந்தது. ஓட்டை மேற்குச் சுவரில். கரி இடம் மாறுமா? மெஷின் நின்ற இடத்திலிருந்து ஓட்டைக்கு ஒரு கோடு போட்டேன். முதல் ஸ்கேனுக்கும் அதே மாதிரி ஒன்று. இரண்டும் அறையின் நடுவில் வெட்டிக்கொண்டன. அங்கே ஏதோ உட்கார்ந்திருக்கிறது. ஒளியை மறிக்கிறது, திருப்பி அனுப்பவில்லை.

"அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க."

"இருங்க தம்பி, பேட்டரி ஜீப்புல கெடக்கு. வெரசா எடுத்துட்டு வர்றேன்."

போய்விட்டார். எனக்கு வீம்பு. பன்னிரண்டு வருஷமாக இதே சோலி, ஒரு ஓட்டைக்குப் போய்ப் பயப்படுவதா? டார்ச்சோடு உள்ளே போனேன். நடுவில் வெறும் தரை.

டக்.

வெளித் தாழ்ப்பாள் விழுந்தது. 3:26.

"அண்ணே! வெளையாடாதீக!"

கதவை உதைத்தேன். தோளால் இடித்தேன். அசையவில்லை. போனில் சிக்னல் இல்லை.

டக்... டக்... இந்தத் தடவை குழாய்ப் பக்கமிருந்து. மெஷின் திரையில் சூட்டின் அளவு காட்டும். நான் உள்ளே வந்தபோது 18. இப்போது 31. குழாயைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

டார்ச் வெளிச்சத்தில் அது தெரியவில்லை. மெஷினுக்குத்தான் தெரிகிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் என்னால் நிற்க முடியவில்லை. பட்டனை அமுக்கினேன். மெஷின் தான் நிற்கும் முக்காலிக்கு அடியில் மட்டும் பார்க்காது. அங்கே குந்தினேன்.

3:32. மூன்றாவது.

ஒரு பக்கச் சுவரையே காணோம். தரையிலிருந்து கூரை வரை.

கிட்ட நின்றால் நிழல் பெரிதாக விழும்...

அது மெஷினை ஒட்டி நிற்கிறது. நான் மெஷினுக்கு அடியில்.

திரையில் 44. மூச்சு முட்டியது. வாய்விட்டு அழுதேன். சொல்வதற்கு வெட்கமில்லை.

டக். டக். டக்.

எந்தப் பக்கம் ஓடுவது? நாலாவது ஸ்கேன். 3:37. மெஷின் சுற்றத் தொடங்கியது.

கதவு திறந்தது.

"தம்பி, தாழ்ப்பாள யாரு போட்டா?"

ஓடினேன். வாசற்படியில் தடுக்கிக் குப்புற விழுந்தேன். எழுந்தேன். வெளியே வந்துவிட்டேன்.

மெஷினை அண்ணன்தான் எடுத்துவந்தார். போடிமெட்டு டீக்கடையில், அந்த எஸ்டேட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்த ராக்கு அக்கா சொன்னாள்.

"ஜக்கம்மா அதுக்குள்ளதான செத்தா. காயக் கெளறப் போனவ. அவ உள்ள இருக்கது தெரியாம தாழ்ப்பாளப் போட்டு அடுப்ப மூட்டிட்டாக. விடிய விடியத் தட்டிருக்கா. சூடேறுனா கொழாயி டக்கு டக்குன்னு சத்தம் போடும்ல? அதுன்னு நெனச்சுட்டாக. நடுவுல கதவத் தெறக்கவும் மாட்டாக. சூடு எறங்குனா காயில பச்ச போயிரும்."

பாவமாக இருந்தது. அவளும் வெளியே வரத்தானே தட்டியிருக்கிறாள்.

மறுநாள் ஆபீசில் நாலாவது ஸ்கேனைத் திறந்தேன். நாலு சுவரும் முழுசாக இருந்தன. ஒரு ஓட்டைகூட இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அப்புறம்தான் வாசற்படியைப் பார்த்தேன். நான் குப்புற விழுந்து கிடக்கிறேன். தலைமுடி தெரிகிறது. இரண்டு கைகள் தெரிகின்றன. செருப்பு தெரிகிறது.

பின்கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும்... ஒரு புள்ளிகூட இல்லை.

அன்றிலிருந்து நான் மல்லாந்து படுப்பதில்லை.