அந்தியூர்ப் பக்கம் ஒரு முதல் அச்சு

பழைய பாப் சிங்கிள் தட்டுகளைத் தேடி நீங்களும் கொங்குப் பக்கம் போவதாக இருந்தால், பையைக் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன ஏப்ரலில், புனித வெள்ளி விடுமுறையில், நான் கோவையிலிருந்து அந்தியூர்ப் பக்கம் போனேன். ஒரே ஒரு ஏழு அங்குலத் தட்டுக்காக. எழுபதுகளில் கோவைக் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் கிதாரும் டிரம்ஸுமாகச் சேர்ந்து தமிழில் வெளியிட்ட சிங்கிள் அது. பாடியவர் இப்போது இல்லை. அவருடைய மகன் என் அலுவலகத்தில் வேலை செய்கிறார். "அம்மாகிட்ட ஒண்ணு இருக்குதுங்க, வேணும்னா போய் வாங்கிக்கோங்க" என்று படம் எடுத்து அனுப்பினார். சனிக்கிழமை பெங்களூர்க்காரர் ஒருவரும் பார்க்க வருகிறார் என்று கூடவே ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தத் தட்டு இரண்டு முறை அச்சானது. மறு அச்சு என்னிடமே இருக்கிறது. முதல் அச்சைக் கண்ணால் பார்த்ததில்லை. லேபிளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டும் ஒரே சிவப்பு. பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே பளபளவென்று ஒரு வெற்று வளையம் இருக்குமல்லவா, அதில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். மறு அச்சில் எண் நேராகப் பொறித்திருக்கும். முதல் அச்சில் கையால் கீறியதுபோல் கோணலாக இருக்கும் என்று கேள்வி. இன்னொன்று, முதல் அச்சில் பாட்டு தொடங்கும் முன் பாடகர் தன் கூட்டாளிகளிடம் ஏதோ பேசுவாராம். மறு அச்சில் அதை வெட்டிவிட்டார்கள். அந்தப் பேச்சு என்னவென்று தெரியாமல் எனக்குப் பல வருடமாக மண்டை குடைச்சல். மகன் அனுப்பிய படத்தில் வளையம் இருக்க வேண்டிய இடத்தில் டியூப் லைட் வெளிச்சம் அடித்திருந்தது.

காந்திபுரத்தில் காலை ஆறரைக்குச் சேலம் வண்டி ஏறி, பவானி லட்சுமி நகரில் இறங்கினேன். சுமார் நூறு கிலோமீட்டர், கட்டணமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கிருந்து அந்தியூர் பஸ், பிறகு ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். பேட்டரியில் ஓடும் சின்ன ரெக்கார்டு பிளேயரை வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தேன்.

"ஏனுங்க, பொட்டில தையல் மிசினுங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ரெக்கார்டு பிளேயருங்க."

"மைக் செட்டுப் போட வந்தீங்களாக்கும். எந்த ஊட்டுலீங்க விசேசம்?"

சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

பாடகரின் மனைவி சரஸ்வதியம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. மோர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, பீரோ மேலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கினார். தட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கோணல் எண். முதல் அச்சேதான். அங்கேயே போட்டுக் கேட்டுவிடலாமா என்று மனம் அடித்துக்கொண்டாலும், தட்டு முழுக்கப் புழுதி. அதன்மேல் ஊசி வைத்தால் தட்டு கீறிப்போகும்.

"ஒரே தூசியா இருக்குதுங்கம்மா, இப்படியே போடக்கூடாதுங்க. ஊட்டுக்குக் கொண்டுபோய்த் தொடச்சுத்தான் கேக்கோணும்" என்றேன்.

"ஆகட்டுங்க. ஆனா இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க கண்ணு. ஊட்டுல இருந்து ஒரு பொருளும் வெளிய குடுக்கமாட்டமுங்க. நாளைக்கு வாங்க, எடுத்து வெக்கறேன்."

கெஞ்சிப் பார்த்தேன். அதற்குப் பதிலாகச் சாப்பாடு கிடைத்தது, நல்ல சாப்பாடு.

பவானியில் ஒரு லாட்ஜில் தங்கினேன். கூடுதுறைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்து நின்றபோதும், கண்ணுக்குள் கர்நாடகப் பதிவெண் கார்கள்தான் ஓடின. காலையில் மகனிடமிருந்து செய்தி: பெங்களூர்க்காரர் வரவில்லையாம். நடுரோட்டில் நின்று அவரை மனதார வாழ்த்தினேன். அந்த நிம்மதி பத்து மணி வரைக்கும் இருந்தது.

"மேலதானுங்க இருக்குது, வாங்க" என்று சரஸ்வதியம்மா மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் என் தட்டு. சோப்புத் தூள் போட்டுக் கழுவி, விடிந்ததும் காயவைத்திருக்கிறார். ஓரம் அப்பளம்போல எழும்பி நின்றது. லேபிள் பாதி உரிந்துவிட்டது.

"தூசின்னு சொன்னீங்களே. ஊடு தேடி வந்தவங்களுக்கு அழுக்கோட குடுக்க மனசு வருங்களா?" என்றவர் என்னைப் பார்த்தார். "ஏனுங்க, மொகம் ஏன் இப்படி வேர்க்குது?"

"வெயிலுங்கம்மா" என்றேன். அழுகை வந்தது, உண்மையாகவே.

கீழே கொண்டுவந்து ஃபேனுக்கு அடியில் ஆறவைத்து, பிளேயரில் போட்டேன். தட்டு வளைந்தால் வெளி ஓரம்தான் அதிகம் வளையும். பாட்டு தொடங்குவதும் அங்கேதான். அந்தப் பேச்சும் அங்கேதான். ஊசி இரண்டு முறை துள்ளி விழுந்தது. ஊசியைத் தாங்கும் கையின்மேல் கனத்துக்கு ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி இறக்கினேன். கரகரப்பு. பிறகு ஓர் இளைஞனின் குரல்:

"ஏனுங்க, ஆரம்பிச்சுரலாமுங்களா?"

கிதார் தொடங்கியது. சரஸ்வதியம்மா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பே வீட்டுப் பிளேயர் கெட்டுப்போனதாம், இந்தத் தட்டை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லையாம். தட்டு ஏறி இறங்க, குரலும் ஏறி இறங்கிக் குழைந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்தார்.

"அவரேதானுங்க! மோட்டார் ரூம்ல பாடும்போதும் இதே கதைதான். கொரலு ஒரு எடத்துல நிக்காது."

மறு அச்சை நான் நூறு முறை கேட்டிருப்பேன். அதில் அந்த மனிதர் துளிகூடப் பிசகாமல் பாடியிருப்பார். ஆனால் அதை எப்படிச் சொல்வது?

"இன்னொருக்கா போடுங்க கண்ணு" என்றார். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, "தப்பா நெனச்சுக்காதீங்க. இதைக் குடுக்க எனக்கு மனசு வல்லீங்க" என்றார்.

தட்டை மட்டும் அங்கே விட்டு என்ன பயன்? நாணயத்தை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுத்து, பிளேயரையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை. வெள்ளிக்கிழமை போகாதீர்கள். தூசி என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால், கழுவ வேண்டாம், வெயில் ஆகாது என்று இரண்டு முறை சொல்லுங்கள். துடைக்க மெல்லிய துணியும் பிரஷும் கையோடு இருக்கட்டும். லாட்ஜ் வேண்டுமென்றால் அந்தியூரைவிடப் பவானி வசதி.

அம்மா தினமும் சாயங்காலம் அந்தப் பாட்டைப் போடுகிறாராம், மகன் சொன்னார். வளைந்த தட்டு, நாணயத்தின் கனம் வேறு. ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் பாட்டு பதிந்த பள்ளம் தேயும், முதலில் தேயப்போவது அந்த ஒரு வரிப் பேச்சுதான். போனில் அழைத்து எச்சரிக்கலாம் என்று இரண்டு முறை எண்ணை அழுத்தினேன். இரண்டு முறையும், "சாப்பிட்டீங்களா கண்ணு?" என்று அவர் கேட்டார். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.